மற்றவை

ஐந்து ரோட்டில்
ஜெராக்ஸ் கடைக்கு மேலே எங்கள் அறை.
ஒரு தொலைபேசி, இரண்டு நாற்காலி,
'பிரச்சினையின் வகை' என்று
ஏழு கட்டம் போட்ட படிவம்.
ஒன்றில் மட்டும் டிக் செய்ய வேண்டும்.
தேர்வு, காதல், குடும்பம், போதை,
கடன், உடல்நலம்.
ஏழாவது, மற்றவை.

பயிற்சியில் சொன்னார்கள்:
அறிவுரை சொல்லாதே.
எல்லாம் சரியாயிடும் என்று சொல்லவே சொல்லாதே.
மறுமுனையில் பேச்சில்லையா,
நீயும் பேசாமல் கூட இரு.
எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.
பயிற்றுநர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

செவ்வாய் இரவு பத்து நாற்பதுக்கு
முதல் அழைப்பு. பேச்சில்லை.
எங்கோ ஒரு லாரி
நீளமாக ஹாரன் அடித்து
முக்கி முனகிக் கியர் மாற்றியது.
பிறகு பூச்சிகள்.
பிறகு இன்னொரு ஹாரன்.

புதனும் அப்படியே.
பிரித்து வைத்த தட்டுவடை செட்
மேசையில் இருந்தது.
கடித்தால் அவனுக்குக் கேட்குமே என்று
தொடவில்லை.
சட்னியில் ஊறி
துணி மாதிரி ஆகிவிட்டது அது.

வியாழன்தான் வாய் திறந்தேன்:
"ஏற்காடு ரோட்டுலயா நிக்கிறீங்க?"

"பதினாலாவது வளைவு," என்றது குரல்.
"இங்கதான் ரெண்டு கோடு சிக்னல் வரும்."

பெயர் சேர்வராயன்.
மலைச்சாமியின் பெயரை
மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னான்.
கீழே ஒரு காலேஜில் இரண்டு வருஷம்.
மூன்றாம் வருஷ ஃபீஸ் கட்டவில்லை.
மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்று
எல்லாம் அவர்கள் பீரோவில்.
வேலைக்குப் போனால்
ஒரிஜினல் எங்கே என்கிறார்கள்.
வீட்டுக்குத் தெரியாது.
ஐந்து மாதமாக
காலை பஸ்ஸில் பையோடு இறங்குகிறான்,
சாயங்கால பஸ்ஸில் பையோடு ஏறுகிறான்.
பைக்குள் அம்மா கட்டிய சோறு.
அதை மட்டும் மிச்சம் வைக்காமல்
பழைய பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து
சாப்பிட்டுவிடுவானாம்.

சுற்றி வளைக்காதே, நேராகக் கேள் என்றும்
பயிற்சியில் இருந்தது.
கேட்டேன்:
"செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

ஒரு பஸ் ஏறிப்போகும் நேரம்.

"அப்பப்ப."

"இப்ப?"

"இங்க ஒரு கைப்பிடிச் சுவர் இருக்குங்க.
நான் இந்தப் பக்கம்தான்
உக்காந்திருக்கேன்."

"ரோட்டைப் பார்த்தா, பள்ளத்தைப் பார்த்தா?"

"ரோட்டைப் பார்த்து."

வீட்டில் யார் விழித்திருப்பார்கள் என்றேன்.
அக்கா, பொன்னுருவி.
அவள் டார்ச்சோடு வரும்வரை
நானும் அவனும்
லாரி எண்ணிக்கொண்டிருந்தோம்.
அவன் கணக்கில் ஒன்பது, என் கணக்கில் எட்டு.

சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தேன்.
வரவில்லை.
திங்களன்று வந்தான், அக்காவோடு,
கிழங்கு மூட்டை ஒன்றும் கூட.
கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி.
வக்கீல் மெஹருன்னிசா
பேனா மூடியைக் கடித்தபடி
முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:
"ஃபீஸ் பாக்கி வேற, சர்டிபிகேட் வேற தம்பி.
பீரோல பூட்டி வைக்க அவங்க யாரு?"
முதல்முறையாக அவன் முதுகு
நாற்காலியில் சாய்ந்தது.

மாதக் கடைசியில் மேலாளர்
என் படிவத்தைத் திருப்பி அனுப்பினார்.
கடனா, குடும்பமா, தேர்வா,
ஏதாவது ஒன்றைப் போடும்மா.
மற்றவை-க்கு எதிரே, கோடு போட்ட இடத்தில்
நான் எழுதியிருந்தது:
'வளைவில் ஹாரன் அடித்தான். கேட்டது.'

காலேஜிலிருந்து பதில் இன்னும் வரவில்லை.
இரண்டாம் நோட்டீஸ் போயிருக்கிறது.
அவன் வீட்டில் இரண்டு நாள் சண்டை,
மூன்றாம் நாள் அப்பா
மிளகு பறிக்கக் கூட்டிப்போனாராம்.
செவ்வாய்தோறும் பத்து நாற்பதுக்கு மணி அடிக்கிறது.
சில நாள் பேச்சு, சில நாள் வெறும் பூச்சிகள்.

நேற்று பேச்சுக்கு நடுவே
நிறுத்திவிட்டுக் கேட்டான்:
"என்னமோ நொறுக்குற சத்தம் கேக்குது.
என்னக்கா சாப்பிடுறீங்க?"